காகம் எடுக்காத சோறு

சுமத்ரா காற்று மலாயாவின் கிள்ளானுக்குப் புதிதல்ல. விடியும் நேரத்தில் கடல் பக்கமிருந்து வரும், அரைமணி நேரம் ஆடும், மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். 1944 ஏப்ரலில் வந்தது அப்படிப் போகவில்லை. கிழக்கு வெளுக்கும்போது வந்து, ரயில் பாதையோரம் நின்று, பம்பரம் போலச் சுழன்றது. அங்கே ஒரே வரிசையாக நின்ற பன்னிரண்டு கூலி வீடுகளில் ஒன்பதின் அத்தாப்பு ஓலைக் கூரையைச் சுருட்டி ஆற்றில் போட்டது. கூலிகளுக்குக் கங்காணியான நாகையா மண்டோரின் மாமியாரும், கடைசி வீட்டுக் கைக்குழந்தையும் இடிந்த பலகைச் சுவருக்கு அடியில் செத்துக் கிடந்தார்கள்.

காற்று நின்றதும் எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். சீதாலெட்சுமி மட்டும் வீட்டுக்குள் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பாதிக் கூரை போய்விட்டது. பின்பாதி சரிந்து பரணின் மேல் கவிழ்ந்திருந்தது. அதற்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சீதா... காலு. விட்டம் விழுந்துருச்சு. எடுக்க முடியல."

பத்து மாதத்துக்கு முன் செத்துப்போன அவள் புருஷன் வேலாயுதத்தின் குரல் அது.

யோசனை அவளுடையதுதான். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். தண்டவாள வேலை தெரிந்த கூலிகள் என்பதால் இந்த வரிசைக்கு ஆறு பேர் என்று கணக்கு. மண்டோர் படித்த பட்டியலில் வேலாயுதம் பெயர் இருந்தது. மூன்று வாரத்தில் லோரி வரும் என்றார்கள். காட்டுக்கு ஓடியவனைத் தேடுவார்கள், அவன் பெண்டாட்டியைப் பிடித்து உதைப்பார்கள். செத்தவனை யாரும் தேடமாட்டார்கள். அவள்தான் அவனைப் பரணில் ஒளித்துவிட்டு, ஒரு சாயங்காலம் அவன் வேட்டியையும் தூண்டிலையும் கொண்டுபோய்க் கிள்ளான் ஆற்றங்கரையில் வைத்தாள். ஆற்றில் முதலை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் போட்ட கூச்சலில் வரிசையே ஓடிவந்தது.

பக்கத்து வீட்டு இராஜம்மாதான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். தாலிக் கயிற்றை அறுத்ததும், வளையலை உடைத்ததும் இராஜம்மாதான். தானும் தாலி அறுத்தவள் என்பதால் உடைக்கும்போது அவள்தான் அதிகம் அழுதாள். பதினாறாம் நாள், உடல் கிடைக்காததால் ஆற்றங்கரையில் ஒரு கல்லை நட்டுக் கருமாதி செய்தார்கள். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்த நாளில், பிண்டத்துக்காகப் பதினோரு வீட்டிலிருந்தும் பதினோரு பிடி அரிசி வந்தது. எங்கே ஒளித்து வைத்திருந்தார்களோ.

காகம் வரவில்லை. இராஜம்மா தொண்டை வறளும்வரை "கா, கா" என்று கூப்பிட்டாள். மரத்தில் மூன்று காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"என்ன ஆசை பாக்கியோ அவனுக்கு" என்று இராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சீதாலெட்சுமி தலை குனிந்து நின்றாள். பானையில் மிஞ்சியிருந்த சோற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் இருந்தவனுக்குக் கொடுத்தாள். அரிசிச் சோறு பார்த்து எத்தனை மாதம் என்று அவன் விரலை நக்கினான்.

கருமாதி முடிந்த நான்காம் நாள் லோரி வந்தது. ஐந்து பேர் ஏறினார்கள்; அவர்கள் வீடுகளில் அப்பனோ தம்பியோ மிச்சமிருந்தார்கள். ஆறாவது எங்கே என்று சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் மண்டோரின் தோளில் இடித்தான். செத்தவன் பெயரை அடித்துவிட்டு மண்டோர் வேறொரு பெயரை எழுதினார். இராஜம்மாவின் மகன் விஜயன். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, பதினெட்டு வயது.

"மூணு மாசம்தான்லா அக்கா, வந்துருவான்" என்றார் மண்டோர்.

அவனுக்குக் கிழங்கு அவித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் சீதாலெட்சுமி. லோரி போன பிறகு இராஜம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

மூன்று மாதம் பத்து மாதமாயிற்று. போன ஆறு பேரில் ஒருவரிடமிருந்தும் தகவல் இல்லை.

இப்போது வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மாமியாரின் உடலைப் பாயில் கிடத்திவிட்டு வந்த மண்டோர், சிவந்த கண்ணோடு சத்தமாகச் சொன்னார்:

"பொணத்த மத்தியானம் எடுத்துக்கலாம். மழை திரும்புறதுக்குள்ள கூரை ஏறணும். ஆம்பள இல்லாத வீடு மொதல்ல."

அது அந்த வரிசையின் வழக்கம். கூரை வேய்வதென்றால் ஆணில்லாத வீட்டில் தொடங்கி, மண்டோர் வீட்டில் முடிப்பார்கள். யாரும் மாற்றுப் பேச்சுப் பேசியதில்லை.

பாசாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாவா நானா மாட்டு வண்டி நிறைய அத்தாப்போடு வந்தார். அக்கரைக் கிராமத்து மலாய்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கென்று தைத்து வைத்திருந்ததாம், கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம்.

"என் கடையில போர்த்தத் துணிதான் இல்ல. ஓலையாச்சும் போர்த்துவோம், எறக்குங்கப்பா" என்றார். கறிகாய்த் தோட்டத்துச் சீனர் ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருக்க வேண்டாமே என்று சீதாலெட்சுமிக்குத் தோன்றியது.

"ஆம்பள இல்லாத வீடு ரெண்டு இருக்கே. இராஜம்மாக்கா வீடா, சீதா வீடா?" என்று ஒருவன் கேட்டான்.

"அவ வீட்டுக்குப் போங்க. எனக்கு மகன் இருக்கான். வந்து போட்டுக்குவான்" என்றாள் இராஜம்மா.

சீதாலெட்சுமி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "எனக்கு வேணாம் அண்ணே. கொழந்த குட்டி உள்ள வீட்டப் பாருங்க. நான் கடைசியில போட்டுக்கறேன்."

"சட்டம் பேசாத தங்கச்சி. தள்ளு" என்றார் மண்டோர்.

"ராங்கியப் பாரு. முதல புருஷன முழுங்குச்சு, வீறாப்ப விட்டுட்டுப் போயிருச்சு" என்று எதிர்வீட்டு ரமணி சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பரணிலிருந்து என்னவோ சொட்டியது. மழைத்தண்ணீர் அவ்வளவு கெட்டியாக இருக்காது. சீதாலெட்சுமி பின்னால் நகர்ந்து, அந்த இடத்து மண்ணைக் காலால் தள்ளி மூடினாள். ஆட்கள் வராவிட்டால் விட்டத்தை அவளால் தனியாகத் தூக்க முடியாது, வந்தால் பார்த்துவிடுவார்கள். இரண்டில் எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பரண்ல அவரு துணிமணி கெடக்கு. ஆம்பளைங்க ஏற வேணாம்" என்றாள்.

"செத்தவன் துணிய யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" என்று மண்டோர் அலுத்துக்கொண்டார்.

"விடுங்க மண்டோரே. அவ மனசு அப்படி. நான் ஏறுறேன்" என்று இராஜம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். சீதாலெட்சுமி அவள் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, வேணாங்க்கா." இராஜம்மா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். "அழுவாத. ஒண்ணும் கெட்டுப்போவாம எறக்கித் தர்றேன்."

ஏணியின் உச்சியில் அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. ஓலையை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வெடித்த இரண்டு குதிகாலும் ஏணிப்படியில் அப்படியே நின்றன. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சயாமுக்கு அனுப்பக்கூட மாட்டான், வேலாயுதத்தோடு பொய்ப்பட்டியல் கொடுத்த மண்டோரையும் சேர்த்துத் தலையை வாங்கிவிடுவான் ஜப்பான்காரன்.

"என்னக்கா சத்தத்தயே காணோம்? பேயப் பாத்துட்டியா?" என்று கீழேயிருந்து ஒருவன் கேட்டான்.

"ஆமா. பேய்தான்" என்றாள் இராஜம்மா.

வெளியே எல்லாரும் சிரித்தார்கள்.

குதிகால்கள் நகர்ந்தன. "விட்டம் ஒண்ணு குறுக்க கெடக்கு. நாலு பேரு வெளிப்பக்கத்துலேருந்து தூக்குங்க. உள்ள ஒருத்தரும் வராதீங்க, பரண் தாங்காது." பிறகு கீழே குனிந்து, சீதாலெட்சுமியின் முகத்தைப் பாராமல் கையை நீட்டினாள். "சாக்கு ஒண்ணு குடு. பெரிசா."

"ஏலேலோ" என்று பாட்டுப் பாடிக்கொண்டு நாலு பேர் விட்டத்தைத் தூக்கினார்கள். பாட்டுச் சத்தத்துக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது, சாக்குக்குள் அமுங்கியது. இராஜம்மா பரணிலேயே குந்தி, உள்ளிருந்தபடி ஓலை ஓலையாக வாங்கிப் பிரம்பு நாரால் இறுக்கிக் கட்டினாள். மத்தியானத்துக்கு முன் கூரை முடிந்தது. அந்த வரிசையிலேயே கெட்டியான கூரை அதுதான் என்று பாவா நானா மெச்சினார்.

ஆட்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் இராஜம்மா இறங்கி வந்தாள். உள்ளங்கை கிழிந்திருந்தது. குடத்தில் மொண்டு தண்ணீர் குடித்தாள். சீதாலெட்சுமி அவள் காலில் விழுந்தாள்.

"எந்திரி. பாக்குறாங்க."

"அக்கா..."

"கால் எலும்பு விட்டுப்போச்சு. ரெண்டு மூங்கில் பத்தை வச்சுக் கட்டு." புறங்கையால் வாயைத் துடைத்தாள். "காக்கா அன்னிக்கே சொல்லுச்சு. எனக்குத்தான் புரியல."

"தெரியாம செஞ்சுட்டேன் அக்கா. விஜயன எழுதுவாங்கன்னு நான் நெனைக்கல."

"எழுதுனப்ப தெரிஞ்சுச்சுல்ல? லோரி அரைமணி நேரம் நின்னுச்சு."

சீதாலெட்சுமி முந்தானையால் அவள் உள்ளங்கையைச் சுற்றப் போனாள்; இராஜம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏன் காட்டிக் கொடுக்கலன்னு கேக்காத. கொடுத்தா என் மகன எறக்கி விடுவான்னா இந்நேரம் கொடுத்துருப்பேன்" என்றாள் இராஜம்மா. வாசல்வரை போனவள் நின்றாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. என் மகன் வர்ற வரைக்கும் இந்த வெள்ளச் சேலைய நீ அவுக்கக் கூடாது. அவன் வந்தா நானே பூ வச்சு விடுறேன்."

அதற்குப் பிறகு அவள் சீதாலெட்சுமியிடம் பேசவில்லை. ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிரண்டையை அரைத்துக் கொட்டாங்குச்சியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். எலும்பு கூடியது. கால் மட்டும் கோணலாகக் கூடியது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் ஜப்பான்காரன் தோற்றான். வேலாயுதம் பரணிலிருந்து இறங்கி, நொண்டிக்கொண்டு, பட்டப்பகலில் வாசலுக்கு வந்தான். வரிசையே கூடி நின்று கை கொட்டியது. "செத்தவன் வந்துட்டான்யா! முதல துப்பிருச்சு!" என்று மண்டோர் அவனைக் கட்டிக்கொண்டார். தன்னை ஏமாற்றியதில்கூட அவருக்குப் பெருமை இருந்தது. ரமணி குங்குமச் சிமிழோடு ஓடிவந்தாள். சீதாலெட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வேண்டாம் என்று தலையசைத்தாள். அடுத்த வீட்டில் இராஜம்மாவின் கதவு சாத்தியிருந்தது.

சயாமிலிருந்து திரும்பியது ஒருவன்தான். தீபாவளி கழிந்து வந்தான். காலராக் கொட்டகையில் விஜயன் அவன் பக்கத்துப் பாயில்தான் கிடந்தானாம். சாகும்போது கிழங்குப் பொட்டலத்தைப் பற்றிப் பேசினானாம்.

மறுநாள் காலை இராஜம்மா வாசலில் வந்து நின்றாள். ஒன்றரை வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

"உன் புருஷனுக்கு நான் ஒரு பிடி அரிசி போட்டேன். என் மகனுக்கு நீ போடு."

சீதாலெட்சுமி பானையைக் கவிழ்த்து இருந்ததை எல்லாம் முந்தானையில் கொட்டினாள். "ஒரு பிடி போதும்" என்றாள் இராஜம்மா. மற்றதைத் திருப்பிப் பானையில் போடவைத்தாள்.

ஆற்றங்கரையில் வேறொரு கல்லை நட்டார்கள். பழைய கல் இன்னும் அங்கேதான் இருந்தது, யாரும் பிடுங்கவில்லை. வேலாயுதம் தூரத்தில் கோணல் காலோடு நின்றான். வரிசை முழுவதும் வந்திருந்தது. எப்போதும் போல ஒரு வீடு மிச்சமில்லாமல்.

இராஜம்மா இலையில் சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள்.

கூப்பிடும் முன்பே காகம் இறங்கிவிட்டது.