நாய்களுக்கு வெந்த ஈரல்

பிரேசர் டவுனில் நான் சமையல் செய்யும் பங்களாவின் துரை இரண்டு வேட்டை நாய்கள் வைத்திருக்கிறார். தினமும் காலையில் அவற்றுக்கு ஆட்டு ஈரல் வேகவைத்துப் போடுவது என் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தது போல இருக்கும்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆகஸ்டில் என் மகள் நோராவுக்கு அம்மை போட்டது. நான்கு வயது. அம்மை இறங்கியும் பேதி நிற்கவில்லை. விளக்கு வைக்கிற நேரமானால் சுவரில் முட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ரெமிஜியஸ் அவள் இமையை விலக்கிப் பார்த்தார்.

"மாலைக்கண்ணு. அம்மை வந்து உடம்புல இருந்த சத்தை உறிஞ்சிடுச்சி. ஏ விட்டமின்னு பேரு. கீரையிலயும் இருக்குது, ஆனா இந்தப் பேதியில அது ஒட்டாது. ஈரல் குடு ஓஸ்வால்ட்டு, இன்னைக்கே குடு. விட்டா முழியே கரைஞ்சிடும்."

சத்துக்கு இனிஷியல் வைத்துப் பேசுகிற ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு, அன்று காலைதான் மாதா கோயிலில் கொடி ஏறியிருந்தது. கொடிமரத்தைத் தொட்டு, தெருவே கேட்க நான் பொருத்தனை செய்திருந்தேன். நோராவின் கண்ணுக்காக, திருநாள் வரை ஒன்பது நாளும் எங்கள் வீட்டுச் சட்டியில் கவிச்சி ஏறாது என்று.

"நாம ரெண்டு பேரும் கவிச்சி இல்லாம இருப்போங்க. புள்ளைக்கு மட்டும் அந்த நாய்ங்களுக்குப் போடுற ஈரல்ல ஒரு துண்டு கொண்டாங்க," என்றாள் என் மனைவி பிரிஜெட்.

"வீடுன்னா புள்ளையும்தான். மாதாகிட்ட சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்."

மூன்றாம் நாள் அவள் என் காலைப் பிடித்தாள். நான் காலை உதறிக்கொண்டு போய், கறிக்கடைக்காரரிடம் என் வீட்டுக்கு எதுவும் தர வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். தெருவில் என்னைப் பக்திமான் என்றார்கள். அது எனக்கு இனித்தது. இப்போது சொல்லவே கூசுகிறது.

ஆறாம் நாள் நோரா வெளிச்சம் பட்டாலே அழுதாள். எட்டாம் நாள் காலை அவள் கண்ணைத் திறந்தபோது கருவிழி இரண்டிலும் பாலாடை படர்ந்தது போல் வெள்ளையாக இருந்தது. பங்களாவுக்கு ஓடினேன். அடுப்பில் கொதித்த ஈரலை அப்படியே துண்டில் கொட்டிச் சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். மார்பு வெந்துபோனது பிறகுதான் தெரிந்தது.

நோரா மென்று தின்றாள். "நல்லா இருக்குதுப்பா. நாளைக்கும் கொண்டா."

மறுநாளும் கொண்டுபோனேன். அதற்கு மறுநாளும். ரெமிஜியஸ் வந்து பார்த்தார். "உசுருக்குப் பயமில்ல," என்றார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பொருத்தனையை முறித்த பாவத்துக்காகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சாமியார் சொன்னார்.

"நோயாளிக்கும் சின்னப் பிள்ளைக்கும் திருச்சபை கவிச்சி விலக்குற சுத்தபோசனமே வைக்கலியேப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு இருநூறு அடிகூட இல்லை. ஒன்பது நாளும் போனேன், ஒன்பது நாளும் பூசையில் அவர் கையால் நன்மை அப்பம் வாங்கினேன். கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் தெருவில் என் மதிப்பு குறைந்துவிடும் என்று உள்ளுக்குள் இருந்திருக்கும்.

பிரிஜெட் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் தேவலை.

நாய்கள் நன்றாக இருக்கின்றன. நான் தெருமுனை திரும்பும்போதே பங்களா வாசலிலிருந்தே பார்த்துவிட்டு வாலாட்டும். வீட்டில் நோரா, நான் பக்கத்தில் வந்து நின்ற பிறகும், "யாரு?" என்கிறாள்.