ஆபீசரின் பீகிள்

கறிப் பொட்டலத்தில் ரத்தம் ஊறி நூல் வரைக்கும் சிவந்திருந்தது. அதை மேஜை மேல் வைத்துவிட்டு பியூன் காசி தலையைக் குனிந்துகொண்டான்.

"வேகவெச்சு, எலும்பு பொறுக்கி, உன் கையாலயே டியூக்குக்குப் போடு நைனாரே," என்றார் ஆபீசர் இராமலிங்கம்.

தன்யகுமார் நைனார் ஜைனன், கறியைக் கையால் தொட்டறியாதவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் காசியின் வேலையை இவன் தலையில் கட்டினார். அதில் மனுஷனுக்கு அப்படி ஒரு குஷி. தன்யகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேலை நிரந்தரமாகிற காகிதம் அவர் கையெழுத்துக்காகக் கிடந்தது.

ஆபீசர் தன் காலடியில் தொங்கு காதோடு படுத்திருந்த நாயை ஷூ முனையால் தடவினார். "பீகிள்னா சும்மா இல்ல. பழைய பிரெஞ்சுல 'தொறந்த தொண்டை'ன்னு அர்த்தமாம். முயல் வாசனை பட்டுதுன்னா ஊளையில ஊரே எழுந்துக்கும். வேட்டைக்குன்னே வளத்த ஜாதி. கறி கம்மியாச்சுன்னா எளச்சிடும். அது எளச்சா உன் பேப்பர் தூங்கும்."

குவார்ட்டர்ஸ் பின்பக்கம் போனதும் தன்யகுமார் பொட்டலத்தைக் காசியிடமே தள்ளிவிட்டான். தினமும் காசி வீட்டில் குழம்பு மணத்தது. நாய்க்கு இவன் டிபன் கேரியரிலிருந்து நெய் விட்ட பருப்புச் சாதம். அந்த வேட்டை ஜாதி ஒரு பருக்கை விடாமல் நக்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கும். தீனிப்பண்டாரம்! ஒரே மாதத்தில் மினுமினுவென்று ஆகிவிட்டது. ஆட்டுக்கறி வேலை செய்கிறது என்று ஆபீசர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டுமென்று தன்யகுமாரின் மனைவி தர்மவதி பருப்பைத் தாளித்து இறக்கினாள். வாசலில் ஒரு ஊளை. வேங்கிக்கால் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். ஆபீசரின் பிடியை உதறிவிட்டு, சங்கிலியை இழுத்துக்கொண்டு, மணத்தைப் பிடித்தே இரண்டு தெரு தாண்டி வந்திருந்தது டியூக். தர்மவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு இலையில் சோற்றைப் போட்டு வாசலில் வைத்தாள்.

பின்னாலேயே வேர்த்து வழிய ஆபீசர் வந்து நின்றார். இலையைப் பார்த்தார்.

"இதையா போட்டுக்கினு இருந்தே? ஏமாத்துக்காரப் பயலே! டியூக், வாடா!"

நாய் இலையிலிருந்து மூக்கை எடுக்கவில்லை.

"நாளைக்கு நானே பக்கத்துல நிக்கறேன். என் கண்ணு முன்னால நீ கறி பெசஞ்சு ஊட்டணும். இல்லன்னா அந்தப் பேப்பரை மறந்துடு."

தர்மவதி கணவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பயமும் இருந்தது, ஒரு மாதமாக விழுங்கி வைத்திருந்த ஆத்திரமும் இருந்தது.

"தர்மவதி," என்றான், "இன்னும் ரெண்டு கரண்டி போடு. அதுக்குப் பசி அடங்கல."

அவள் போட்டாள். ஆபீசர் குனிந்து சங்கிலியைப் பிடித்து இழுத்தார். நாய் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு தின்றது.