தடையில்லாத கொலு

ரிட்டயரான பேங்க் மேனேஜர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆளுவதற்குக் கிளை இல்லாமல் போனதும் வீட்டில் இருப்பவர்களை ஆள ஆரம்பித்துவிடுகிறார்கள். லேக் கார்டன்ஸ் மஹாதேவன் ஆண்டது தன் மகள் ஹம்சினியின் சாப்பாட்டுத் தட்டை.

பெஹாலாவில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு அவர் அவளை அழைத்து வந்தது துர்கா பூஜை முடிந்த மறுவாரம். பத்தொன்பது வயது, ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். மூன்று வாரத்தில் விளையாட்டு கோட்டாவில் அரசு வேலைக்கான தேர்வு ஓட்டம். இடது இடுப்பு மடிப்பில் வலி என்று நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். பின்னால் அவள் அம்மா விஜயலக்ஷ்மி, அதற்குப் பின்னால் கையில் ஒரு நோட்டோடு மஹாதேவன்.

நோட்டில் என்ன இருந்தது தெரியுமா? தினப்படி அவள் எடை. காலையில் எத்தனை கிராம் இட்லி, மத்தியானம் எத்தனை கிராம் சாதம். இதற்கென்றே சமையலறையில் தராசு வாங்கி வைத்திருக்கிறாராம்.

"ஒரு கிலோ குறைஞ்சா இத்தனை செகண்ட் மிச்சம்னு கணக்கு. கோச் சொல்லியிருக்கார்" என்றார்.

"கோச் எத்தனை கிலோ இருப்பார் சார்?"

அந்தக் கோச்சை நான் மைதானத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் தொப்பை வரும், பிறகு அவர் வருவார்.

நான் பெண்ணிடம் திரும்பி, கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அதை ஏன் கேக்கறேள்! பத்து மாசமா அந்தத் தொல்லையே இல்லை. இந்த நவராத்திரிக்கு ஒன்பது நாளும் கொலுவுக்கு இவதான் விளக்கேத்தினா. ஒரு நாள்கூடத் தடை இல்லை. எல்லாம் அம்பாள் அனுக்ரஹம்!"

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கார்டன் ரீச் ரயில்வே காலனியில் வளர்ந்தவள் நான், இருபத்தாறு வருஷத் தொழில். முட்டாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வியாதியை விளக்கேற்ற விட்டு, அதற்குச் சுண்டலும் நைவேத்தியம் பண்ணினவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாமி, அது அனுக்ரஹம் இல்ல, பட்டினி. இவ தின்னுறது ஓடுறதுக்கே பத்தல. உடம்பு வேற வழியில்லாம அதை நிறுத்திடுச்சு. அடுத்தது எலும்புல கை வைக்கும்."

"ஓடற பொண்களுக்கு அது நிக்கறது சகஜம்" என்றார் மஹாதேவன். "ட்ரெயினிங் நன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். கோச்சே சொன்னார்."

"கோச்சுக்கு எத்தனை தடவை நின்னுச்சாம்?"

ஹம்சினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்கேன் எடுக்க வைத்தேன். நினைத்தது போலவே, தொடையெலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல். எலும்பு டாக்டரும் அதையே சொன்னார். ஓடினால் முறியலாம், முறிந்தால் திருகாணி வைத்து ஆபரேஷன். எட்டு வாரம் ஊன்றுகோல், வயிறாரச் சாப்பாடு, மாதவிலக்கு திரும்பி வந்து சீராகிறவரை பந்தயம் கிடையாது. மஹாதேவன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் செக்கில் கையெழுத்துச் சரிபார்ப்பது மாதிரி பார்த்தார்.

"கோடு ரொம்பச் சின்னதா இருக்கே?"

"உங்க புத்தியவிடப் பெரிசுதான் சார்" என்றேன்.

எழுந்து போய்விட்டார்கள். வாய்தான் எனக்குச் சத்துரு. கொஞ்சம் தணிந்து பேசியிருந்தால் அந்த மனிதர் இன்னொரு நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருப்பாரோ என்னவோ. அன்று முழுக்க அந்தப் பெண் நொண்டிப் போனதே கண்ணில் நின்றது.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஹம்சினி தனியாக ஆட்டோ பிடித்து வந்தாள். கையில் விண்ணப்பப் படிவம். 'ஓடத் தகுதியானவர்' என்று எவனோ ஒரு டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தான். படித்த கழுதை. அதற்குக் கீழே ஒரு வரி: எனக்குக் காயம் எதுவும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். அங்கே அவள் கையெழுத்துதான் பாக்கி.

"தீதி, நிஜமாவே உடையுமா?" இந்த ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உடையலாம். உடையாமலும் போகலாம். ஆனா உடைஞ்சா உங்கப்பா தராசு வந்து ஒட்ட வைக்காது."

"இந்த வேலைக்காகத்தான் காலேஜை விட்டேன். கையெழுத்துப் போடலைன்னு மூணு நாளா அப்பா பேசலை" என்று சொல்லி அழுதாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எதிர்க் கடையிலிருந்து எண்ணெய் சொட்டுகிற கொச்சுரிப் பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் வரவழைத்தேன். முதலில் தொடவில்லை. எத்தனை கிராம் என்று கண்ணாலேயே நிறுத்துக்கொண்டிருந்தாள், பாவி மகள். பிறகு ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். அப்புறம் நான்கு தின்றாள். முடித்ததும் படிவத்தை எடுத்து ஐந்து விரல் எண்ணெயையும் நிதானமாக அதில் துடைத்தாள், கையெழுத்துப் போடுகிற இடமாகப் பார்த்து.

"இதுல இனிமே பேனா எழுதாது" என்றாள்.

மஹாதேவன் போன் பண்ணி, கைக்கு வந்த வேலையை நான் கெடுத்துவிட்டதாகக் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். ஹம்சினி வாரா வாரம் வந்தாள். ஊன்றுகோல் போயிற்று, கன்னத்தில் சதை வந்தது, விரிசலும் கூடிற்று. அது மட்டும் வரவில்லை. மாதா மாதம் கேட்பேன், உதட்டைப் பிதுக்குவாள். காலம் கடந்துவிட்டதோ என்று எனக்கே உள்ளுக்குள் பயமாக இருந்தது.

இந்த வருஷ நவராத்திரியின் ஐந்தாம் நாள் விஜயலக்ஷ்மியிடமிருந்து போன்.

"இப்போ திருப்தியா உங்களுக்கு? சாயங்காலம் பன்னெண்டு பேர் தாம்பூலத்துக்கு வரா. இவ கொலுப் பக்கமே வர முடியாம உள்ளே உக்காந்திருக்கா. போன வருஷம் எப்படி இருந்தது எங்காத்துக் கொலு!"

அப்படியே பேஷண்ட் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சனியன்.

"நல்லா உக்காரட்டும் மாமி. ஒரு கிண்ணம் சுண்டல் உள்ள அனுப்புங்க."

"உங்களுக்கு வெக்கமே கிடையாதா?"

"கிடையாது."

அவள் போனை வைக்கவில்லை. பாத்திரம் திறக்கிற ஓசையும் கரண்டிச் சத்தமும் கேட்டன. தூரத்து அறையிலிருந்து ஹம்சினி கத்தினாள்:

"அம்மா, அளக்காம போடு!"