விஜயம் மாமியின் இடது கை

சவாசனத்தில் தூங்கிப்போனவர்களை எழுப்ப யோகா டீச்சர் அனுசியாவிடம் ஒரு முறை இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், தோளைப் பிடித்து உலுக்க மாட்டாள். மேலகரத்துக் கல்யாண மண்டபத்தின் மாடியில் பெண்கள் வரிசையாக மல்லாந்து கிடப்பார்கள். இவள் வெறுங்காலோடு ஊடே நடந்துபோய் ஒவ்வொருத்தியின் கால் பெருவிரலையும் இரண்டு விரலால் லேசாகப் பிடித்துவிடுவாள். கண் திறந்துவிடும். கால் சில்லென்று இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஏதென்று விசாரிப்பாள். விரலைத் தொட்டே வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லிவிடுவாள் என்றுகூட ஊரில் பேச்சு இருந்தது. அது கொஞ்சம் அதிகப்படி.

கொரோனா வந்து மண்டபத்தைப் பூட்டியபோது வகுப்பு போனுக்குள் போனது. நோய் போனது, வகுப்பு திரும்பி வரவில்லை. மண்டபத்துக்காரர் மாடியில் கண்ணாடி பதித்து ஏசி ஜிம் வைத்துவிட்டார். பெண்களுக்கும் போன் வசதியாகப் போயிற்று. நைட்டியோடு பாயில் உட்கார்ந்தால் போதும், யாரும் பார்க்கப் போவதில்லை. பாவூர்சத்திரத்து மண்டிக்காரர் மனைவி அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வஜ்ராசனத்தில் உட்காருவாள். விசில் வந்தால் எழுந்து போவாள். சொல்லிப் பார்த்து அனுசியாவுக்கு வாய்தான் வலித்தது. வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே, அவளும் மாறிக்கொண்டாள். போனை ஸ்டாண்டில் நிறுத்தவும், சிரித்துக்கொண்டே மூச்சை இழுக்கவும், எல்லார் வீட்டுச் சத்தத்தையும் ஒரே தட்டில் மியூட் பண்ணவும் பழகிக்கொண்டாள்.

விஜயம் மாமிதான் மண்டபத்தில் அவளுடைய முதல் மாணவி. தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் வீடு. மாமா போய்ச் சேர்ந்தாயிற்று, ஒரே மகள் ஸ்மிருதி பெங்களூரில். மழையில் படி வழுக்கி ஒருமுறை மாமி விழுந்ததிலிருந்து மகள் வெளியே விடுவதில்லை. பெரிய டேப்லெட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, "இனிமே இதுலயே யோகா பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மேலகரத்திலிருந்து பஸ் ஏறினால் உட்கார இடம் பிடிப்பதற்குள் தென்காசி வந்துவிடும். ஆனாலும் மாமியும் டீச்சரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. மாணவிகள் இருக்கிற பாவூர்சத்திரமும் துபாயும் தென்காசியும் அந்தப் போனுக்குள் ஒரே தூரம்தான்.

தினமும் மாமியின் முதல் கேள்வி ஒன்றுதான். "அனுசியா, அங்க சாரல் இருக்கா?"

"இருக்கு மாமி. இங்கன விடாம தூத்துது."

அந்த ஆனி மாதக் காலையில் மாமி சாரலைக் கேட்கவில்லை. "அனுசியா, இன்னிக்கு என்னமோ தலை..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் பாவூர்சத்திரத்தில் மிக்சி அலறியது. அனுசியாவுக்கு ஏற்கெனவே பதற்றம். அந்த வாரம்தான் குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் வேலை கிடைத்திருந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு அருவிக் குளியலுக்கு முன்னால் யோகா. மேனேஜர் செந்தில்வேல் முதல் நாளே சொல்லிவிட்டான். "டீச்சர், மூச்சுப் பயிற்சி எல்லாம் சுருக்கிக்கிடுங்க. பின்னால அருவி தெரியணும், போட்டோ நல்லா வரணும். லேட்டு மட்டும் ஆகக் கூடாது." ரிஷிகேஷ் சான்றிதழோடு ஒரு பையன் அந்த வேலைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"அப்புறம் பேசுவோம் மாமி" என்று சொல்லிவிட்டு அனுசியா எல்லாரையும் மியூட்டில் போட்டாள்.

வகுப்பு ஓடியது. கடைசியில் சவாசனம். சின்னச் சின்னக் கட்டங்களில் பெண்கள் படுத்தார்கள். அனுசியா குரலைத் தாழ்த்திப் பாதம், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லிக்கொண்டே தன் பைக்குள் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்தாள். மாமியின் கட்டத்தில் இடது கை எழுந்தது. காற்றில் இரண்டு ஆட்டு ஆடி விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்து விழுந்தது. பலாப்பழ சீசன், ஈக்குக் கேட்கவா வேண்டும். மாமி ஈ ஓட்டுகிறாள் என்று அனுசியா நினைத்தாள்.

எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். மாமி மட்டும் எழவில்லை. அது புதிதல்ல. சவாசனத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூடாது, அதுவே எழுந்துவரட்டும் என்று போன் வகுப்பு வந்த பிறகு அனுசியாவே வைத்த சட்டம். தொட்டு எழுப்ப முடியாத குறையை அப்படி ஒரு பெருமையாக மாற்றி வைத்திருந்தாள். "மாமி எப்படித் தூங்குதாவ பாருங்க, அதுதான் நல்ல சவாசனம். சரி, நான் கிளம்புதேன்" என்றாள். அப்போதும் அந்தக் கை எழுந்தது. அனுசியா சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் சேர்த்துப் போனை அணைத்தாள்.

வீட்டு வேலைக்கு வரும் மாரித்தாயிடம் ஒரு சாவி உண்டு. அவள் நாலு வீடு முடித்துவிட்டு உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் திறந்தபோது மாமி பாயிலிருந்து பாதி உருண்டு கிடந்தாள். டேப்லெட் குப்புற விழுந்திருந்தது. ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதம். உயிர் தங்கியது, வலது கைகால் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று.

மறுநாள் மாரித்தாய் போனில் இதைச் சொன்னபோது அனுசியா ரிசார்ட் புல்வெளியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு குடும்பம் அவளைச் சுற்றி மரம்போல ஒற்றைக்காலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கை ஈ ஓட்டவில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போட்டோ முடிகிறவரை சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மழை என்றாள், சீசன் வேலை என்றாள். யாரும் ஒன்றும் கேட்காதபோதும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஸ்மிருதியே கூப்பிட்டாள். "டீச்சர், அம்மாவுக்குக் கைகால் அசைச்சு விடணும்னு டாக்டர் சொல்றார். உங்களைத் தவிர யார்கிட்டயும் எனக்கு நம்பிக்கை இல்ல. தினம் நேர்ல வரணும், ப்ளீஸ்."

போகாமல் இருக்க முடியுமா? போனாள்.

மாமி முன்னறையில் கட்டிலில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் பழைய மாமியின் கண். அது அனுசியாவைப் பார்த்தது, விட்டு அகலவில்லை. அனுசியா கட்டில் காலடியில் உட்கார்ந்து வழக்கம்போல வலது கால் பெருவிரலைப் பிடித்தாள். ஈரத்துணியைப் பிடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் தொட்ட விரல்களில் ஒன்றுகூட இப்படிச் சும்மா இருந்ததில்லை. கணுக்காலை மெல்லச் சுழற்றினாள்.

ஸ்மிருதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தூங்காத முகம். "டீச்சர், ஒண்ணு கேக்கணும். எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். உடனே வந்திருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாமாம். கிளாஸ் முடியறப்போ அம்மா நன்னாத்தானே இருந்தா? எழுந்து நடந்து, அப்புறம்தானே விழுந்திருக்கா?"

சொன்னால் என்ன ஆகும் என்று அனுசியாவுக்குத் தெரியும். தென்காசியில் சாயங்காலத்துக்குள் விஷயம் பரவிவிடும். நாளைக்குக் காலையில் போனைத் திறந்தால் ஒரு கட்டமும் இருக்காது. சொல்லாவிட்டால் தினமும் இந்தக் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும்.

"நல்லாத்தான் இருந்தாவ" என்றாள். "எல்லாரும் எந்திரிச்சாவ. நானும் கிளம்பிட்டேன்."

ஸ்மிருதி மூச்சை விட்டாள். "அப்படின்னா யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, இல்ல? எனக்கு அது போதும் டீச்சர். நான்தான் அம்மாவை வெளியே விடாம தனியா போட்டு வெச்சுட்டேனோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, தொண்டையில் ஏதோ உருண்டது. ஸ்மிருதி ஓடிப்போய் எச்சிலைத் துடைத்தாள். அனுசியா காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "வாரேன் மாமி. நாளைக்கு வாரேன்."

மாமியின் இடது கை எழுந்தது. காற்றில் இரண்டு ஆட்டு ஆடி விழுந்தது. மறுபடி எழுந்தது.

அனுசியா நின்ற இடத்திலேயே நின்றாள். "இது என்ன, கைய இப்படி..."

"ஆஸ்பத்திரிலேர்ந்தே இப்படித்தான்" என்றாள் ஸ்மிருதி. "யார் கிளம்பினாலும் ஆட்டுவா. நர்ஸ் போனாலும் சரி, நான் சமையலறைக்குப் போனாலும் சரி. போகாதேன்னு சொல்றா. பேச முடியலயே, பாவம்."

அனுசியா திரும்பி வந்தாள். கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தாள். சற்று முன் வாயில் வந்த பொய் இந்தக் கைக்கு முன்னால் நிற்கவில்லை.

"அன்னைக்கும் ஆட்டுனாவ" என்றாள்.

"என்னிக்கு?"

"கிளாசுல. சவாசனத்துல. ரெண்டு மூணு தடவ கை எந்திரிச்சுது. நான் ஈ ஓட்டுதாவன்னு நெனச்சேன். நான் கிளம்புதேன்னு சொன்னப்பவும் ஆட்டுனாவ. மொதல்ல தலைன்னு ஏதோ சொல்ல வந்தாவ, நான்தான் மியூட்ல போட்டேன். கத்திக்கூட இருப்பாவ. எனக்கு ரிசார்ட்டுக்கு நேரமாயிட்டு. அணைச்சிட்டுப் போயிட்டேன்." சொல்லச் சொல்ல அவள் குரல் வகுப்பில் பேசுகிற அதே தணிந்த குரலாக மாறியது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஸ்மிருதி கத்தவில்லை. அம்மாவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். காப்பித் தம்ளரை எடுத்துத் தரையில் வைத்தாள், திரும்ப எடுத்தாள். "பத்து நிமிஷம் இருக்குமா டீச்சர், இங்க வந்து பாக்க?"

"பஸ்ஸு உடனே இருந்திருக்கும்" என்றாள் அனுசியா.

"நீங்க போயிடுங்க."

"நாளைக்கு வந்து காலுக்கு மட்டுமாவது..."

"போயிடுங்கன்னு சொன்னேன். இனிமே வராதீங்க."

அனுசியா மாமியைப் பார்த்தாள். மன்னித்தாளா, சபித்தாளா, அந்தக் கண்ணில் ஒன்றும் பிடிபடவில்லை. காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று குனிந்தாள். ஸ்மிருதி போர்வையை இழுத்து அம்மாவின் பாதத்தை மூடிவிட்டாள்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கட்டிலில் இடது கை எழுந்து ஆடியது, விழுந்தது, மறுபடி எழுந்தது. இந்தத் தடவை அது என்ன சொல்கிறது என்று தெரிந்தே அனுசியா படியிறங்கிப் போனாள்.