பின்னட்டை எண்

ஒரு புத்தகம் என்றால் அதன் பின்னட்டையில் எழுதியவரின் போன் நம்பர் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் அமல்ராணியிடம் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில் ஒன்றில் அவளுக்குப் பருப்பு பொறுக்கும் வேலை. முப்பத்து நாலு வயதில்தான், மாதா கோயில் சிஸ்டர் ஒருத்தர் நடத்திய மாலை வகுப்பில் 'அ' போட்டாள். அதுவரை பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். எழுத்து கைக்கு வந்த பிறகு அது அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. மில்லில் கண்டதையும் பட்டதையும் நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு எழுதினாள். பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை. விழுப்புரத்து அச்சகம் ஒன்றில் தானே நூறு பிரதி போட்டுக்கொண்டு, பின்னட்டையில் தன் நம்பரையும் போட்டாள். மூன்று மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் கோட்டக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறாராம். புத்தகத்தைப் படித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சில்லாமல் வைத்துவிட்டார். அந்த ஒரு போன் தந்த தெம்பில்தான் அமல்ராணியின் அடுத்த சில வருடங்கள் ஓடின.

புத்தகம் போட்ட மில்காரி என்று பேர் பரவியதும் எழுதுகிற பிள்ளைகள் தேடி வந்தார்கள். எல்லாம் காலேஜ் பிள்ளைகள், அவளைவிடப் பத்து மடங்கு படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு என்பதால் அங்கே சைக்கிள் ஷெட்டில் உட்காருவார்கள். திருத்தவெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். முடிந்ததும், எந்த இடத்தில் மனசு நின்றது என்று மட்டும் கேட்பாள். என்ன காகிதம், பதினாறு பக்கத்துக்கு ஒன்றாக எத்தனை பாரம், எந்த அச்சகக்காரர் சொன்ன தேதிக்குத் தருவார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"யாரோ வந்து கதவ தொறப்பாங்கன்னு நின்னுக்கினு இருக்காதீங்க," என்பாள். "கதவும் நம்மளுதுதான், தாப்பாளும் நம்மளுதுதான்."

அந்தக் கூட்டத்தில் கலைப்பிரியா ஒருத்தி. மயிலம் பக்கத்தில் சொந்த நிலத்தில் கேப்பையும் மல்லாட்டையும் வைக்கிற துரைக்கண்ணுவின் மகள், பி.ஏ. கடைசி வருடம். மெல்லிய குரலில் வாசிப்பாள். கவிதை எழுதும் புகழேந்தி, இவளுக்கு மைக் செட் வாடகைக்கு எடுக்கணும் என்று கிண்டல் பண்ணுவான். ஆனால் அக்காவும் தங்கையும் ஒரே ஜோடிச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு காலை ஷிப்டுக்கும் மதிய ஷிப்டுக்கும் காலேஜ் போகிற கதையை அவள் வாசித்த அன்றைக்கு அவனும் கிண்டலை விட்டுவிட்டான். இவளை விட்டுவிடக் கூடாது என்று அமல்ராணி அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஏழு கதைகள் சேர்ந்தன. ஆறு கதைகள் ஷெட்டில் வாசித்தவை. ஏழாவதை அவள் வாசிக்க மறுத்துவிட்டு, கையெழுத்தில் அமல்ராணியிடம் கொடுத்தாள். அடுத்த வாரமே ஷெட்டில், எல்லாம் நல்லா இருக்கு, அச்சுக்குக் கொடுத்துடலாம் என்றாள் அமல்ராணி.

கலைப்பிரியாவுக்கு ஐந்தாவது செமஸ்டர் பரீட்சை. அதனால் அமல்ராணி மட்டும் விழுப்புரம் போனாள். அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நடராசன், பின்னட்டைக்கு நம்பர் என்ன என்று கேட்டார். அமல்ராணி தன் சின்ன போனை எடுத்து, 'கலை' என்று போட்டு வைத்திருந்த எண்ணைச் சொன்னாள். கலைப்பிரியா எப்போதும் கூப்பிடுகிற எண் அதுதான்.

விழுப்புரத்தில் அந்த வாரம் புத்தகச் சந்தை. அச்சு ஈரம் காயாத புத்தகத்தைப் பிள்ளைகள் கொண்டுபோய் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கலைப்பிரியா தன் புத்தகத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது நாற்பது பிரதிகள் போயிருந்தன. முன்னட்டையில் தன் பேரைத் தடவிப் பார்த்தாள். பிறகு திருப்பினாள்.

"அக்கா," என்றாள். "இது எங்க அப்பா நம்பரு."

அவளுக்கென்று போன் கிடையாது. புத்தகம் வருவது வீட்டில் தெரியாது. பரீட்சை முடிந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மறுநாளே துரைக்கண்ணு மில் வாசலுக்கு வந்துவிட்டார். கத்துகிற ஆள் இல்லை. தோளில் துண்டோடு புங்கமரத்தடியில் நின்று, அவள் கை அலம்பிக்கொண்டு வரும்வரை காத்திருந்தார்.

"நீதான் அமல்ராணியா?"

"ஆமாண்ணே."

"மொத மூணு பேரு நல்லவங்களாட்டம் பேசனாங்க. நாலாவதா ஒருத்தன், கலைப்பிரியா கொரல கேக்கணுங்கிறான். எத்தினி தபா வெச்சாலும் திரும்பத் திரும்ப அடிக்கிறான். டீக்கடைல ஸ்பீக்கர்ல பேசிக்கினு கீறேன், ஊரே கேக்குது."

"தப்பு என்னுதுண்ணே. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியாமத்தான் ஏழு கத எழுதிட்டாளா?"

அவர் சொல்ல வந்ததைச் சொன்னார். விழுப்புரத்தில் ஓர் இடத்தில் பெண் கேட்கிறார்கள். மகள் படிப்பை முடிக்கட்டும், எழுதணும் என்றால் எழுதிக்கொள்ளட்டும், தனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் இந்த மாசக் கடைசிக்குள் போன் நிற்க வேண்டும். அதற்கப்புறமும் ஒருத்தன் கூப்பிட்டால், அந்த இடத்துக்குச் சரி சொல்லிவிடுவார். நம்பரை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று அவள் கேட்டதற்கு, பேங்குக்கும் ரேஷனுக்கும் ஆதாருக்கும் அந்த நம்பர்தான், நீ பண்ண தப்புக்கு நான் ஊரெல்லாம் அலையணுமா என்றார். அதுவும் நியாயம்தான்.

இருபத்திரண்டு நாள் இருந்தது.

அமல்ராணி தன் நம்பரைச் சிறுசிறு சீட்டுகளாக அடித்து வாங்கினாள். கையிலிருந்த அறுபது பிரதிகளில் ஒட்டுவது ஒரு சாயங்கால வேலை. போன நாற்பதுதான் பெரும்பாடு. சந்தையில் வாங்கியவர்களைப் பிள்ளைகள் நினைவில் தேடித் தேடி எழுதிக் கொடுத்தார்கள். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, பசை டப்பாவோடு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்குமாக அலைந்தாள். ரிடையர்டு வாத்தியார் ஒருவர், காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் ஒட்டுப் போட விடமாட்டேன் என்றார். விஷயத்தைச் சொன்னதும் சீட்டை வாங்கித் தன் கையாலேயே ஒட்டிக்கொண்டார். மண்டகப்பட்டுக்குப் போன பிரதிக்காக வெயிலில் நாலு கிலோமீட்டர் நடந்தாள். கால் வீங்கிப்போனது. பதினெட்டாம் நாள், நாற்பதாவது பிரதியிலும் ஒட்டி முடித்தாள்.

அன்று சாயங்காலம் புகழேந்தி மில் வாசலில் வந்து நின்றான். முகம் செத்திருந்தது. புத்தகம் வந்த சந்தோஷத்தில் முன்னட்டையையும் பின்னட்டையையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டிருக்கிறான். அதை நாலு குரூப்பில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தன்னுடையதை அழித்துவிட்டான். மற்றது எங்கே போயிற்றென்று அவனுக்கே தெரியவில்லை.

அமல்ராணி அவனைத் திட்டவில்லை. "புஸ்தகத்துல ஒட்டலாம். அதுல எங்கடா ஒட்றது," என்று மட்டும் சொன்னாள். அவன் அழுதுகொண்டே போனான்.

இருபத்துமூன்றாம் நாள், கெடு முடிந்த மறுநாள், துரைக்கண்ணுவுக்குப் போன் வந்தது. நம்பரை வாட்ஸப்பில் பார்த்துக் கூப்பிட்டது யாரோ நல்ல மனுஷன்தானாம். செருப்புக் கதையைப் படித்துவிட்டு, உங்கள் மகளை நினைத்துப் பெருமைப்படுங்கள் என்றாராம். யாராக இருந்தால் என்ன, துரைக்கண்ணு சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. கலைப்பிரியா கடைசி செமஸ்டர் எழுதவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஷெட்டுக்காரர்கள் ஒருவருக்கும் பத்திரிகை வரவில்லை.

ஒட்டிய சீட்டைப் பார்த்துப் போன்கள் இப்போது அமல்ராணிக்கு வந்தன. ஒவ்வொருவரிடமும், எழுதியது நான் இல்லை, அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன் என்பாள். எந்த இடத்தில் மனசு நின்றது என்று கேட்டு, பேர், ஊரோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். பதினோரு பேர் சேர்ந்ததும், நோட்டையும் புத்தகத்தில் ஒரு பிரதியையும் கைப்பையில் வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

கலைப்பிரியாவின் மாமியார் அஞ்சம்மாள் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, காலேஜ் டீச்சரா என்று கேட்டார். உள்ளேயிருந்து வந்த கலைப்பிரியா, மில்லில் தெரிஞ்ச அக்கா என்றாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு மஞ்சள் மங்காமல் கிடந்தது. அஞ்சம்மாள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனதும் அமல்ராணி நோட்டைப் பிரித்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, பதினோரு பேர் சொன்னதையும் தணிந்த குரலில் படித்தாள். கலைப்பிரியா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடேசி கதைய பத்தி யாருமே சொல்லலியாக்கா?"

"இல்லம்மா."

"நீங்க இன்னா நெனைச்சீங்க?"

நோட்டில் பதினோரு பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டாவதாகத் தானும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். அமல்ராணிக்கு நாக்கு வரவில்லை.

"நான் அத படிக்கலம்மா. நல்லாகீதுன்னு சொன்னது பொய்யி. உன் கையெழுத்து எனக்குப் புடிபடல. ரெண்டு பக்கம் போறதுக்குள்ள ஒரு வாரம் ஆயிடுச்சு. சந்தைக்குள்ள வந்துடணும்னு குடுத்துட்டேன். எனக்குப் படிக்க வராதுன்னு உங்கிட்ட சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

கலைப்பிரியாவுக்குக் கோபம் வரவில்லை. தாலிக்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"அதுல ஒரு பொண்ணு வருவாக்கா. அப்பா சாப்புடற நேரமா பாத்து, அவரு போன எடுத்துக்கினு தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசுவா. படிச்சிருந்தீங்கன்னா அந்த நம்பர குடுத்திருக்க மாட்டீங்க."

உள்ளேயிருந்து அஞ்சம்மாள் கூப்பிட்டார். கலைப்பிரியா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறறதுக்குள்ள கிளம்புங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். நோட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அமல்ராணி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். கடைசிக் கதை ஒன்பது பக்கம். அச்செழுத்து என்றால் அவளுக்குக் கொஞ்சம் வரும். விரலை முதல் வரியில் வைத்தாள். திண்டிவனம் பஸ் வந்தது, கண்டக்டர் ஊர்ப் பேரைக் கத்தினார், போனது. இன்னொன்று வந்தது, போனது. தோட்டத்துப் பக்கம் போன அந்தப் பெண் போனில் யாரிடமோ, கலைப்பிரியா இவளிடம் சொல்கிற மாதிரியே, அக்கா, நான்தான் பேசறேன் என்று சொன்ன வரியில் விரல் நின்றது. அதற்குப் பின்னால் வரிகள் இன்னும் நிறைய இருந்தன. மூன்றாவது பஸ்ஸும் நிரம்பிக் கிளம்பியது. அமல்ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எழுத்துக் கூட்டினாள்.