மஞ்சள் அட்டை

மகளுக்காக ஞானதாசன் சார் எழுதிய மன்னிப்புக் கடிதத்துக்கு ஹாலந்திலிருந்து இருபது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. மூன்றே வரி. மின்னஞ்சலுக்கு நன்றி. ஷைஜா வயது வந்த மாணவி என்பதால் அவளைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவதில்லை. உங்கள் கடிதத்தை அவளுக்கே அனுப்பியிருக்கிறேன். கீழே 'யான்' என்று வெறும் பெயர் மட்டும் கையெழுத்து. துறைத் தலைவராம். பட்டம் இல்லை, பதவி இல்லை, இனிஷியல்கூட இல்லை. நெய்யூர் பால் சொசைட்டிச் செயலாளர் போடுகிற கையெழுத்தே இதைவிட நாலு வரி நீளம். சாருக்கு அதுகூடப் பரவாயில்லை. அந்த மூன்றாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்.

சார் உதவித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அவருடைய மேசைக்கு முன்னால் அப்பாக்கள் வந்து நின்றிருக்கிறார்கள். பையன் ஜன்னலை உடைத்திருப்பான். அப்பா போட்ட வேலையைப் போட்டபடி வியர்த்து வடிய ஓடிவந்து, "இந்த ஒரு தடவ பொறுக்கணும் சாரு" என்பார். சார் ஐந்து நிமிடம் நிற்க வைத்துவிட்டு மன்னிப்பார். அப்பா வந்து நின்றால் எந்தக் காரியமும் முடியும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட விஞ்ஞானம். ஹாலந்துக்குப் போய் நிற்க முடியாததால் கடிதமாக நின்றார். 'பெருமதிப்பிற்குரிய ஐயா, வளர்ப்பு என்னுடையது, குற்றமும் என்னுடையதே.'

ஷைஜா அங்கே படிப்பது நீர் மேலாண்மை. மனப்பாடம் பண்ணி எழுதுகிற படிப்பு இல்லை. ஐந்து மாணவர்களைக் குழுவாக்கி ஓர் அசல் வேலையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இவள் குழுவுக்கு, ஓர் உருளைக்கிழங்கு விவசாயியின் வயலில் தேங்கும் தண்ணீரை வடிக்கிற வேலை. குழுவில் இருப்பவர்களே ஒருவரையொருவர் எடைபோடவும் செய்வார்கள். மற்ற நான்கு பேரும் சேர்ந்து ஷைஜாவுக்கு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார்கள். கூட்டத்தில் பேசுவதே இல்லை, எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள் என்பது புகார். அடுத்தது சிவப்பு. சிவப்பு வந்தால் குழுவுக்கு வெளியே. ஒரு வருடம் போகும், கூடவே விசாவும் போகும்.

"பந்து வெளயாட்டுல காட்டுவினுமே, அதாட்டி?" என்று அவர் மனைவி தேவகனி ஸ்கைப்பில் கேட்டபோது சாருக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. ஏனென்றால், விமானம் ஏறப்போனவளிடம், "யாரு என்ன சொன்னாலும் எதுத்து ஒரு வார்த்த மிண்டப்பிடாது, கேட்டியா?" என்று மூன்று தடவை சொல்லி அனுப்பியது சாரேதான்.

பதில் வந்த மறுநாள் மதியம் ஷைஜா ஸ்கைப்பில் வந்தாள். அங்கே அப்போதுதான் காலை. மழைக் கோட்டு போட்டுப் புறப்பட்டு நின்றாள்.

"அப்பா, நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கிய, அறியுமா?"

"ஒரு மன்னிப்புதானே மக்களே..."

"நான் பேசமாட்டேங்கேன்னு அல்லியா கம்ப்ளெயின்ட்? இப்ப எனக்காவ எனக்க அப்பா பேசுகாரு. 'நீதான் எழுதச் சொன்னியா'ன்னு யான் கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

"தொறத் தலைவரப் பேரு சொல்லியாட்டி கூப்பிடுக?"

"அப்பா!"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வேணும்னா இன்னொரு கடிதம்..."

"வேண்டாம். நீங்க ஒண்ணுமே செய்யண்டாம். அது போதும்." அவள் குரல் இறங்கியது. "எங்க குரூப்பு போட்ட வாய்க்காலுக்க வாட்டம் தப்புப்பா, சரிவு வயலப் பாத்து இருக்கு. மொத வாரமே எனக்குத் தெரியும். மழை பெஞ்சா தண்ணி திரும்ப வயலுக்கேதான் வரும்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

ஷைஜா அவரையே பார்த்தாள். சார் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

"இண்ணைக்குப் பத்து மணிக்கு வயல்ல வச்சு மீட்டிங்கு. அந்த விவசாயியும் வருவாரு. சொன்னா, இவ்வளவு நாளா எங்க இருந்தன்னு கேப்பினும். சொல்லல்லன்னா செவப்பு."

முப்பது வருடம் பேசிச் சம்பளம் வாங்கிய மனிதர், "காப்பி குடிச்சியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்தப்பட்டது. அவசரத்தில் ஸ்கைப்பை நிறுத்த மறந்திருந்தாள்.

திரையில் ஒரு நாற்காலி. பின்னால் ஜன்னல். அதற்குக் கீழே அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய்கள். கண்ணாடியில் மழை.

"பிள்ளதான் போயாச்சே, அத அணைச்சுப் போடுங்க," என்றாள் தேவகனி.

"இருக்கட்டு."

"காலி நாற்காலியவா பாத்துட்டு இருக்கிய? கிறுக்கா ஒங்களுக்கு?"

"கடைசிப் பீரியடு கிளாஸ் எடுத்தவன்ட்டி நான். இதவிட மோசமானதெல்லாம் பாத்திருக்கேன்."

தேவகனி உள்ளே போனதும் புதிய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று அடித்தார். அழித்தார். 'அன்புள்ள யான்' என்று அடித்தார். கை கூசியது. அதையும் அழித்தார்.

இங்கே நாலரை மணி ஆனபோது அங்கே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி இழுபட்டது. ஷைஜா ஜன்னலைப் பார்க்க, கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கோட்டுக் கைகளில் முழங்கை வரை சேறு, வாய்க்காலுக்குள் கைவிட்டுக் காட்டிவிட்டு வந்தவளைப் போல.

தேநீரோடு வந்த தேவகனி, "கேளுங்களேன், என்னாச்சுன்னு கேளுங்களேன்," என்று காதைக் கடித்தாள். சார் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமே செய்யண்டாம்னு சொல்லியிருக்கா," என்றார்.

அங்கே ஷைஜா குனிந்து ஷூக்களைக் கழற்றினாள். ஒரு சாக்ஸை உருவிப் பிழிந்து, சூட்டுக் குழாயின் மேல் விரித்தாள். அடுத்ததை உருவினாள். பிழியவில்லை. அது அவள் கையில் அப்படியே தொங்கியது. வயல் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.