சரசா கேட்ட பருத்திக் கோட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் சரசா பதினோரு வருடமாகக் காலர் தைக்கிறாள். கத்திரி வெயில் நாளொன்றில் அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, மெஷின்மேல் ஒரு சென்ட் பாட்டில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டாள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை.

அதற்கப்புறம் மூன்று நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள், அதே வரிசையில் பட்டன் வைக்கும் ராதிகா கோவில்பதாகையில் இருந்த அவள் வீட்டுக்குத் தேடி வந்தாள்.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?"

"ரெண்டு வேள குளிக்கிறேன்டி. மஞ்சா தேச்சிக்கிறேன். இன்னும் இன்னா பண்ணச் சொல்ற?"

ராதிகா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த சென்ட்ட வச்சது நானில்லக்கா. ஆனா தெரிஞ்சும் கம்முனு இருந்துட்டேன். வா, டாக்டராண்ட போலாம்."

ஆவடியில் தோல் டாக்டர் நிவேதிதா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வேர்வைக்கு நாத்தமே கிடையாதும்மா. உடம்பு முழுக்க வர்றது பெரும்பாலும் உப்புத் தண்ணிதான். அக்குள்ல வேற மாதிரி சுரப்பியும் இருக்கு. அதுல கொழுப்பும் சேர்ந்து வரும். தோல்ல இருக்கிற கிருமி அதைத் தின்னும்போதுதான் வாடை கிளம்புது. சிலருக்கு உடம்புவாகே அப்படி. நீங்க அழுக்கா இருக்கீங்கன்னு அர்த்தமில்ல. வேலையில என்ன துணி போடுறீங்க?"

"மேல கம்பெனி கோட்டு. பாலிஸ்டர்."

"அது வாடையை விடாம பிடிச்சு வச்சுக்கும். பருத்தி போடுங்க," என்று சொல்லி, ஒரு மருந்து சோப்பும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சரசா அழுதாள். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகியிருந்தது.

திங்கட்கிழமை அவள் நேரே சூப்பர்வைசர் ஸ்ரீநாத்திடம் போனாள். டாக்டர் சொன்னதை, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எனக்குப் பருத்தி கோட்டு வேணும் சார்."

"ஒருத்தருக்காக எப்படிக்கா மாத்துறது?"

"எனக்கும் வேணும் சார்," என்றாள் ராதிகா. பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. அப்புறம் நாலைந்து குரல்கள்.

மேனேஜர் இரண்டு வாரம் இழுத்தார். அதற்குள் சோப்பு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கடைசியில், மிச்சமிருந்த பருத்தித் துணியில் ஒரு வரிசைக்கு மட்டும் தைத்துப் பார்க்கலாம் என்றார். அளவெடுத்து வெட்டும் பொறுப்பு சரசாவுக்கு வந்தது.

அளவு கொடுக்க முதலில் வந்த, அதே வரிசையில் தைக்கும் பஞ்சவர்ணம் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"வேர்த்துகீதுக்கா," என்றாள் மெல்ல.

"வேர்த்தா இன்னா? தூக்குடி," என்று சரசா டேப்பை அவள் அக்குளுக்கடியில் நுழைத்தாள்.